இல்லையென்றால் சொல்லிவிடும்

சைனிக்புரி
3 பிப்ரவரி 2025

ஆண்டனிக்கு,

கவரைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் என்று பயந்திருப்பீர்கள். நான்தான், ஹம்சா. ஒரே ஊருக்குள் சைனிக்புரிக்கும் அமீர்பேட்டுக்கும் நடுவே பதினைந்து கிலோமீட்டர் இருக்குமா, அதற்கு ஸ்டாம்ப் ஒட்டி ஒரு கடிதமா என்று சிரிக்க வேண்டாம். போன் பண்ணினால் "ம்" என்கிறீர்கள். வாட்ஸப்பில் இரண்டு நீல டிக்கோடு நின்றுவிடுகிறீர்கள். நம் லைப்ரரி அஞ்சறையின் இணையப் பக்கத்தில் எழுதினால் நாலாயிரம் பேர் படிப்பார்கள். நம் சண்டையை ஊர் வேடிக்கை பார்க்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்தோமே, அதை நான் மீற மாட்டேன். மிச்சம் இருப்பது தபால்தான்.

ஒன்பது வருஷம் முன்னால், அமீர்பேட்டில் அந்த இன்ஸ்டிட்யூட்டில் நாம் இருவரும் சாயங்கால பேட்ச் எடுத்துக்கொண்டிருந்தபோது இதை ஆரம்பித்தோம். என் அம்மாவுக்கு விளக்கினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "ஒரு புரோகிராம் எழுந்திரிச்சதும், எந்த மொழியில பேசணும், யாருக்கு மெசேஜ் அனுப்பணும்னு அதுக்குத் தெரியணும்ல அம்மா? அதையெல்லாம் ஒரு கோப்புல எழுதி வச்சிருப்பாங்க. அதைப் படிச்சு எடுத்துக் கொடுக்கிறதுதான் எங்க லைப்ரரி." அம்மா உடனே, "அஞ்சறைப் பெட்டின்னு சொல்லேன்" என்றாள். அப்படித்தான் பேர் வந்தது. புரோகிராம் கோட் உங்களுடையது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதும் டாகுமெண்டேஷன் என்னுடையது. இருவருக்கும் இதில் சம்பளம் இல்லை. அதனாலேயே இதில் பொய்யும் இருக்காது என்று நினைத்திருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஜூலை பதினெட்டாம் தேதி, செட்டிங்ஸ் கோப்பே இல்லாவிட்டால் அஞ்சறை சத்தம் போடாமல் தானாக ஏதோ ஒரு மதிப்பை எடுத்துக்கொண்டு போகிறது, அது ஆபத்து, நிற்கும்படி மாற்றச் சொல்லியிருந்தேனே, ஆச்சா என்று கேட்டேன். "ஆச்சு, பண்ணிட்டேன்" என்றீர்கள். அன்று சாயங்காலமே எழுதினேன்: "கோப்பு இல்லையென்றால் அஞ்சறை அங்கேயே நின்று, எந்தக் கோப்பைக் காணோம் என்று சொல்லிவிடும்."

அது நிற்கவில்லை. சொல்லவும் இல்லை. நீங்கள் அந்த மாற்றத்தைச் செய்யவே இல்லை.

நோயாளிகளுக்கு முறை நாளை மெசேஜில் சொல்ல அஞ்சறையை நம்பியிருந்த அந்த டயாலிசிஸ் சென்டரில் ஜனவரியில் கம்ப்யூட்டர் மாற்றினார்கள், கோப்பைப் புதிய கம்ப்யூட்டரில் வைக்க மறந்தார்கள். அஞ்சறை வாயைத் திறக்காமல், மெசேஜ் அனுப்பாதே என்று தன்னுள்ளே இருந்த மதிப்பையே எடுத்துக்கொண்டது. ஒன்பது நாள் எந்த நோயாளிக்கும் மெசேஜ் போகவில்லை. முறை மாறியது தெரியாமல் ஒருவர் தவறான நாளில் போய்த் திரும்பி, மூச்சு வாங்கி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த சாஃப்ட்வேரை எழுதிய ஸ்ரீகாந்த் நம் பக்கத்தில் வந்து, "உங்க டாகுமெண்டேஷனை நம்பினேன்" என்று எழுதினார். இருபது நிமிஷத்தில் நீங்கள் என் வரியை அழித்தீர்கள். புதிய பதிப்புகளோடு வெளியிடும் ரிலீஸ் குறிப்பில் ஒரே வரி போட்டீர்கள்: "டாகுமெண்டேஷனில் இருந்த பிழை திருத்தப்பட்டது."

டாகுமெண்டேஷன் என்றால் நான். அது எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு மன்னிப்பு வேண்டாம். அந்த ஒரு வரியை மாற்றி நடந்ததை எழுதுங்கள். அதுவரை அஞ்சறைக்கு நான் ஒரு எழுத்தும் எழுத மாட்டேன்.

ஹம்சா


அமீர்பேட்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள ஹம்சா,

கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். பேப்பர் இல்லை. கீழே ஜெராக்ஸ் கடையில் ஒரு குயர் வாங்கினேன். பிறகு பேனா எழுதவில்லை. இப்படியே நாலு நாள் ஓடிவிட்டது. எங்கள் தூத்துக்குடியில், ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள், நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எழுதியது எல்லாம் சரி. ஆனால் அந்த வரியை நீங்கள் நினைக்கும் அர்த்தத்தில் நான் போடவில்லை. ஸ்ரீகாந்த் அவசரத்தில் இருந்தார், வேறு யாரும் அதே குழியில் விழக் கூடாது, முதலில் தவறான தகவலை எடுத்துவிடுவோம் என்று செய்தேன். ரிலீஸ் குறிப்பை யார் படிக்கிறார்கள்? நாலாயிரம் பேரில் நாலு பேர். அந்த நாலு பேரும் மறுநாள் மறந்திருப்பார்கள்.

கோட்டில் மாற்றத்தைச் செய்துகொண்டிருக்கிறேன். கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான். அது வெளியே வரும்போது எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது.

நீங்கள் இல்லாமல் டாகுமெண்டேஷன் பக்கம் அநாதையாகக் கிடக்கிறது. போன வாரம் யாரோ ஒரு கேள்வி கேட்டார்கள், நான் பதில் எழுதினேன். "ஹம்சா மேடம் எழுதினால் புரியும்" என்று பதில் வந்தது. அம்மாவின் கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்து தவறாமல் போடுகிறாரா?

ஆண்டனி


சைனிக்புரி
14 பிப்ரவரி 2025

ஆண்டனிக்கு,

"கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான்." இதைப் படித்துவிட்டுச் சமையலறையில் போய்க் கொஞ்ச நேரம் பாத்திரம் துலக்கினேன். துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கினேன்.

நாலு பேர்தான் படிக்கிறார்கள் என்கிறீர்கள். அதில் ஒருத்தி நான். மறுநாள் மறக்கவில்லை. இன்னொருவர் எனக்கு டாகுமெண்டேஷன் வேலை தருவதாக இருந்த கம்பெனிக்காரர். ரிலீஸ் குறிப்பைத்தான் முதலில் படித்தாராம். "வேற ஆளைப் பாத்துட்டோம்" என்று மரியாதையாகச் சொன்னார். ஆண்டனி பொய் சொன்னார் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்பது உங்கள் வழக்கமான பல்லவி. அஞ்சறைக்கும் அந்தக் குணத்தைத்தான் கொடுத்திருக்கிறீர்கள். எது இல்லாவிட்டாலும் இல்லை என்று சொல்லாமல், கையில் கிடைத்ததை வைத்துச் சமாளித்துக்கொண்டு போகும். பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம் எத்தனை நாள் நடக்கும்?

நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் எழுதுங்கள். அந்த வரியை மாற்றுவீர்களா, மாட்டீர்களா? மாட்டேன் என்றால் அதையும் எழுதுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். அஞ்சறையிலிருந்து என் பேரை எடுத்துவிட்டு நிம்மதியாக வேறு வேலை பார்ப்பேன்.

அம்மா சொட்டு மருந்து போட்டுக்கொள்கிறாள். "அந்தப் பையன் ஏன் வரதே இல்லே, சண்டையா?" என்று தினமும் கேட்கிறாள். முப்பத்தொன்பது வயதில் நீங்கள் இந்த வீட்டில் மட்டும்தான் பையன்.

ஹம்சா


அமீர்பேட்
22 பிப்ரவரி 2025

அன்புள்ள ஹம்சா,

அந்த வேலை போனது எனக்குத் தெரியாது. படித்துவிட்டு மெட்ரோவில் இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன். வருந்துகிறேன் என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது. வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

நேராகக் கேட்டீர்கள். ஒன்றை உங்களிடம் மறைத்தேன், சொல்கிறேன். என் கம்பெனி அஞ்சறையைத் தங்கள் எல்லா மென்பொருளிலும் பயன்படுத்த யோசிக்கிறது. அப்படி நடந்தால் ஆபீஸில் என் முழு நேர வேலையே அஞ்சறைதான். ஒன்பது வருஷமாக ராத்திரியும் ஞாயிறும் திருடிச் செய்த வேலையைப் பகலில் உட்கார்ந்து செய்யலாம். உங்களையும் அழைத்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் ருக்மிணியிடம் பேச்சு எடுத்திருந்தேன். மார்ச் கடைசியில் முடிவு சொல்வார்கள். இப்போது நான் போய், செய்யாததைச் செய்தேன் என்று சொன்னேன், அதனால் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று எழுதினால், அந்த முடிவு என்னவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

முடிவு வந்த பிறகு மாற்றுகிறேன். ஒரே ஒரு மாதம். கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆண்டனி


சைனிக்புரி
5 மார்ச் 2025

ஆண்டனிக்கு,

உங்கள் கடிதத்துக்குக் கோபமாக மூன்று பக்கம் எழுதினேன். அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக நேற்றுக் காலை போவன்பள்ளிக்குப் போனேன்.

ஆஸ்பத்திரியில் கிடந்தவர் போவன்பள்ளி மார்க்கெட்டில் தக்காளி வியாபாரி என்று ஸ்ரீகாந்த்தான் சொன்னார். பேர் ஜகதீசன். அவர் சம்மதித்த பிறகே எனக்கு இடம் சொன்னார். எங்களைப் போலவே செகந்திராபாத்தில் ஊறிய, பேச்சில் உருது கலந்த தமிழ்க் குடும்பம், அறுபது வயது இருக்கும். டிரேக்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், இடது கையைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். டயாலிசிஸ் ஊசி போடும் கை அது. யாரும் இடித்துவிடக் கூடாது என்று பழக்கத்தில் அப்படியே வைத்துக்கொள்கிறார்.

"நீங்கதானே ஜகதீசன்?"

"ஹவ் மா, ஆமா, நான்தான். கைக்கு, எதுக்கு வந்தே? தக்காளியா?"

"நக்கோ, தக்காளி வேணாம். ஜனவரில உங்களுக்கு மெசேஜ் வராம போச்சே, அதைப் பத்திப் பேச வந்தேன்."

என்னை டயாலிசிஸ் சென்டர் ஆள் என்று நினைத்தார். இல்லை என்றேன். கம்ப்யூட்டர் ஆளா என்றார். ஒரு மாதிரி என்றேன். அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல ரொம்பத் திணறினேன். உங்களுக்கு மெசேஜ் அனுப்பின சாஃப்ட்வேருக்குள்ளே எங்கள் லைப்ரரி இருக்கிறது, கோப்பு காணாமல் போனால் அது கத்த வேண்டும், கத்தவில்லை, கத்தும் என்று எழுதி வைத்தது நான் என்றேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். நடுவில் ஒரு லாரிக்காரனைத் தெலுங்கில் திட்டிவிட்டு மறுபடி என் பக்கம் திரும்பினார்.

"சென்டர்ல கேட்டேன், கம்ப்யூட்டர் தப்புன்னாங்க. அந்த சாஃப்ட்வேர் தம்பியக் கேட்டேன், வேற யாரோ எழுதினதுன்னார். பெரிய சண்டை எல்லாம் போட எனக்குத் தெம்பு இல்லமா. ஆனா மூணு நாள் மூச்சு முட்டிப் படுத்திருந்தேன்ல, இது யார் பண்ணினதுன்னு தெரிஞ்சா போதும்னு இருந்துச்சு. ஒருத்தரும் நான்னு சொல்லல."

நான் சொன்னேன், "நான்தான்."

ஆண்டனி, இதை நன்றாகக் கேளுங்கள். உங்கள் பேரைச் சொல்லத்தான் அங்கே போனேன். சைனிக்புரியிலிருந்து போவன்பள்ளி வரை ஆட்டோவில் அதையேதான் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அவர் முன்னால் நின்றபோது வாயில் உங்கள் பேர் வரவில்லை. யாரோ ஒரு மனிதர் உங்களைத் தப்பாக நினைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. உங்கள்மேல் இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு இதை எப்படிச் செய்தேன் என்று எனக்கே புரியவில்லை. என்மேல் எரிச்சலாக வருகிறது.

அவர் ஒரு காலி டிரேயைக் கவிழ்த்துப் போட்டார். "சரிமா, உட்காரு" என்றார். டீ வரவழைத்தார். அவருக்குத் தண்ணீர் அளவுதான் அனுமதி, அதனால் என்னைக் குடிக்கச் சொல்லிவிட்டு நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பொய்யை அவர் எதிரில் விழுங்குகிற மாதிரி இருந்தது.

இனி உங்களை நான் எதுவும் கேட்கப் போவதில்லை. ஒரு மாதம் என்றாலும் ஒரு வருஷம் என்றாலும் உங்கள் இஷ்டம்.

ஹம்சா


அமீர்பேட்
13 மார்ச் 2025

ஹம்சா,

இதைத் தள்ளிப்போடாமல் எழுதுகிறேன். உங்கள் கடிதம் நேற்று வந்தது.

ஜூலை பதினெட்டாம் தேதி நீங்கள் எங்கிருந்து போன் செய்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் காத்திருந்தீர்கள். அன்று காலையில்தான் உங்கள் பழைய கம்பெனியில் கான்ட்ராக்டை நீட்டிக்க மாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். அழுதிருந்தீர்கள். அழவில்லை, ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றீர்கள். அப்புறம், "சரி, அதை விடுங்க. அந்தக் கோப்பு விஷயம் ஆச்சா? இன்னிக்கு ஒரு நல்ல சேதியாவது சொல்லுங்க" என்றீர்கள்.

ஆகவில்லை. நான் ஆரம்பிக்கக்கூட இல்லை. ஆனால் அந்தக் குரலிடம் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே அன்று உங்களுக்கு எல்லோரும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். ஆச்சு என்றேன். இரண்டு நாளில் செய்துவிடலாம், பொய் உண்மையாகிவிடும், யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன்.

இரண்டு நாளில் செய்தும் முடித்தேன். என் லேப்டாப்பில் ஓடியது. வெளியிடும் நேரத்தில் பயம் வந்துவிட்டது. கோப்பே வைக்காமல் அஞ்சறையை ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. அத்தனை பேருடைய புரோகிராமும் மறுநாள் காலையில் நின்றுபோகும். நாலாயிரம் பேர் வந்து என்னைத் திட்டுவார்கள். அடுத்த ரிலீஸில் பார்க்கலாம் என்று வைத்தேன். அடுத்ததிலும் அப்படியே. உங்களிடம் சொல்லலாம் என்றால், ஒரு மாதம் கழித்துச் சொன்னால் ஏன் அன்றே சொல்லவில்லை என்பீர்கள். மூன்று மாதம் கழித்து அதைவிடக் கஷ்டமாகிவிட்டது. நாளாக ஆக அது சொல்லவே முடியாத விஷயமாகிப் போனது.

ஸ்ரீகாந்த் எழுதியதும் உங்கள் வரியைத்தான் முதலில் தேடினேன். அந்த இருபது நிமிஷத்தில் நான் உலகத்தைக் காப்பாற்றவில்லை ஹம்சா, என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். முதல் கடிதத்தில் எழுதியது பூச்சு. இதுதான் நடந்தது.

நீங்கள் ஜகதீசனிடம் போய் என் தப்பைத் தூக்கி உங்கள் தலையில் வைத்துக்கொண்டு டீ குடித்திருக்கிறீர்கள். உங்களைப் பிடிக்கும் என்று ஒன்பது வருஷமாக எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். பிடித்தவர்களிடம் இல்லை என்று சொல்லாமல் இருப்பதுதான் அன்பு என்று எங்கேயோ தப்பாகக் கற்றுக்கொண்டேன்.

ஆண்டனி


சைனிக்புரி
18 மார்ச் 2025

ஆண்டனி,

அன்றைக்கு நான் அழுததை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று இத்தனை நாள் தெரியாது. ஏசிதான் என்று நம்பிவிட்டீர்கள் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தேன்.

நீங்கள் உண்மையைச் சொன்னதால் நானும் ஒன்று சொல்ல வேண்டும். ஜகதீசனிடம் "நான்தான்" என்றபோது பொய் சொல்கிறோம் என்று நினைத்தேன். ஆட்டோவில் திரும்பி வரும்போது அது முழுப் பொய் இல்லை என்று உறைத்தது.

நான் எப்படி வேலை செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும். எந்த வரியையும் ஓட்டிப் பார்க்காமல் எழுத மாட்டேன். இப்படிச் செய்தால் இப்படி ஆகும் என்று எழுத வேண்டுமானால் முதலில் நானே செய்து, அப்படித்தான் ஆகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுவேன். முந்நூறு பக்கம் அப்படி எழுதியிருக்கிறேன். "ஹம்சாவுக்கு தாசில்தார் வேலை கொடுத்திருக்கணும்" என்று கிண்டல் செய்வீர்கள். அந்த ஒரு வரியை மட்டும் ஓட்டிப் பார்க்கவில்லை. கோப்பின் பேரை மாற்றிவிட்டு ஒருமுறை ஓட்டியிருந்தால் பத்து விநாடியில் தெரிந்திருக்கும். ஜகதீசன் வீட்டில் நிம்மதியாக இருந்திருப்பார்.

ஏன் ஓட்டிப் பார்க்கவில்லை என்று இரண்டு வாரமாக யோசிக்கிறேன். நேரம் இல்லை என்பது காரணம் இல்லை. அன்று சாயங்காலம் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள், எனக்கு நேரம் கொட்டிக் கிடந்தது. நீங்கள் சொன்னீர்கள், அதனால் ஓட்டிப் பார்க்கவில்லை. உலகத்தில் உங்கள் வார்த்தை ஒன்றை மட்டும்தான் நான் சோதிக்காமல் எடுத்துக்கொண்டேன். அதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியும். முப்பத்தாறு வயதில் தெரியாமல் இருக்குமா.

இதனால் உங்கள் தப்பு குறைந்துவிடாது. உங்கள் ஒரு மாதத்தை நான் மன்னித்துவிட்டேன் என்றும் அர்த்தமில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

ஹம்சா


அமீர்பேட்
25 மார்ச் 2025

ஹம்சா,

இன்று காலை ஆபீஸ் போகும் முன் ரிலீஸ் குறிப்பை மாற்றினேன். மார்ச் கடைசிக்குக் காத்திருக்கவில்லை. புதிய பதிப்பையும் வெளியிட்டேன். இங்கிலீஷில் எழுதியதை உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் திருத்தாமல் நான் வெளியிட்ட முதல் பத்தி இது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"முந்தைய குறிப்பில் டாகுமெண்டேஷனில் பிழை என்று எழுதியிருந்தேன். அது உண்மை இல்லை. கோப்பு இல்லாதபோது நிற்கும்படி மாற்றிவிட்டேன் என்று ஜூலையில் ஹம்சாவிடம் சொன்னேன். மாற்றவில்லை. என் சொல்லை நம்பி அவர் எழுதினார். அதை நம்பிய ஒரு டயாலிசிஸ் சென்டரில் மெசேஜ் போகாமல் ஒருவர் உடல்நலம் கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். தவறு முழுக்க என்னுடையது. இந்தப் பதிப்பில் கோப்பு இல்லையென்றால் அஞ்சறை நிற்கும். இதனால் சிலருடைய புரோகிராம் நாளை ஓடாமல் போகலாம். ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து உதவுகிறேன். ஆண்டனி."

மத்தியானத்துக்குள் அறுபது பேர் எழுதிவிட்டார்கள். பாதிப் பேர் திட்டு. நான் பயந்த அளவு திட்டவில்லை, அல்லது பயந்து பயந்து எனக்குப் பழகிவிட்டதோ என்னவோ. ஸ்ரீகாந்த் ஒரே வரி எழுதினார்: "இதை ஜகதீசன் சாருக்குப் படித்துக் காட்டுகிறேன்." நான் வேண்டாம் என்று எழுதினேன். சாயங்காலம் நானே போவன்பள்ளிக்குப் போனேன்.

"அந்தப் பொண்ணு நான்தான்னு சொல்லிச்சே?" என்றார். "இல்லங்க, நான்" என்றேன். டிரேயிலிருந்து ஒரு அழுகல் தக்காளியைப் பொறுக்கி எறிந்தார். அப்புறம், "உன்னைவிட அது தேவல. உனக்கு முன்னாடி வந்திச்சு, ரெண்டு மாசத்துக்குள்ளயே" என்றார். எனக்கு டீ வரவழைக்கவில்லை. அது நியாயம்தான். கிளம்பும்போது மட்டும், "கத்துமா இப்போ?" என்று கேட்டார். கத்தும் என்றேன்.

ருக்மிணியிடமும் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, யோசிக்க வேண்டும் என்றார்.

ஆண்டனி


சைனிக்புரி
1 ஏப்ரல் 2025

ஆண்டனி,

குறிப்பை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "நன்னா எழுதியிருக்கானே. கொஞ்சம் நீளம்" என்றாள். எனக்கும் அதே அபிப்பிராயம். படித்து முடித்ததும் அழுதேன், இந்தத் தடவை ஏசி எதுவும் இல்லை. முந்தாநாள் உகாதிப் பச்சடியில் வேப்பம்பூவை அம்மா அள்ளிப் போட்டிருந்தாள், அதையும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

புதிய பதிப்பை இறக்கினேன். கோப்பின் பேரை மாற்றிவிட்டு ஓட்டினேன். நின்றது. எந்தக் கோப்பைக் காணோம் என்றும் சொன்னது. கோப்பைத் திரும்ப வைத்தேன், ஓடியது. மறுபடி எடுத்தேன், மறுபடி நின்றது. ஏழு தடவை ஓட்டினேன். அதற்குப் பிறகுதான் பழைய வரியை அதன் இடத்தில் திருப்பி எழுதினேன். ரிலீஸ் குறிப்பில் உங்கள் பத்திக்குக் கீழே நானும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "நான் ஓட்டிப் பார்க்காமல் எழுதினேன். ஹம்சா." தவறு முழுக்க உங்களுடையது என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் உண்மை இல்லை, அதனால் திருத்தினேன். என் வேலையே அதுதானே.

இப்போது ஒன்று கேட்கிறேன். ஒன்பது வருஷமாக நீங்கள் கேட்பீர்கள் என்று இருந்தேன். நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் எனக்குப் பென்ஷன் வந்துவிடும்.

நாம் கல்யாணம் செய்துகொள்ளலாமா? எனக்கு உங்களோடு இருக்க வேண்டும். ஆனால் இனிமேல் நீங்கள் சொல்வதையெல்லாம் ஓட்டிப் பார்த்துத்தான் நம்புவேன், கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சு என்பது முதற்கொண்டு. அந்த நிபந்தனைக்குச் சம்மதம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவிடம் நேரில் பேசுங்கள். என் மனசு கோணும் என்று பார்க்காமல், இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள். மாட்டேன் என்பதானாலும் சரி.

ஹம்சா


அமீர்பேட்
3 ஏப்ரல் 2025

என் ஹம்சாவுக்கு,

இருப்பதை இருக்கிறபடி எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

கம்பெனி அஞ்சறையை எடுத்துக்கொள்ளவில்லை. ருக்மிணி நேற்றுச் சொல்லிவிட்டார். இருக்கிற வேலை இருக்கிறது, கனவு கண்ட வேலை இல்லை. உங்களுக்கு என்று நான் பேசி வைத்திருந்த இடமும் இல்லை. இனியும் ராத்திரியும் ஞாயிறும்தான்.

தூத்துக்குடியில் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று காலை போன் செய்தேன், மீன் விலையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். சர்ச்சிலா ரிஜிஸ்டர் ஆபீஸிலா என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. நாளை மறுபடி பேசுவேன். நாளையும் மீன் விலையில் முடிந்தால் அதையும் உங்களிடம் சொல்வேன்.

என் வீட்டில் இரண்டு பேருக்கு இடம் இல்லை. அலமாரியில் ஒரு கதவு மூடாது. சமைக்கத் தெரியும் என்று உங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன், தெரியாது. ரசம் மட்டும் வைப்பேன், அதுவும் பொடி கடையில் வாங்கியது. போன வருஷம் உங்கள் பிறந்த நாளுக்குக் கொடுத்த புத்தகத்தை நானும் படித்ததாகச் சொன்னேன், பாதிதான் படித்தேன்.

பயம் இன்னும் போகவில்லை. இதை எழுதும்போதும் இருக்கிறது. இல்லை, முடியவில்லை, ஆகவில்லை என்ற வார்த்தைகளை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல இன்னும் எனக்கு வராது. பழக வேண்டும். கொஞ்சம் நாளாகும்.

இவ்வளவும் இல்லை. சம்மதம் இருக்கிறது. உங்கள் நிபந்தனையோடு சேர்த்து, முழு மனதோடு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். பத்து என்றால் பத்தரை ஆகும் ஹம்சா, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆண்டனி